"ஐயோ, இது என் குரலா?" - நாம் பேசுவதை நம் மூளை எப்படிக் கேட்கிறது?

வளைகாப்புக்கு நேரில் வர முடியாத அத்தை, வாழ்த்தை வாய்ஸ் மெசேஜாகப் பேசி குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார். போட்டதும் தானே ஒருமுறை அதைத் தட்டிக் கேட்கிறார். அடுத்த நொடி முகம் மாறுகிறது. "ஐயையோ, என் குரல் இப்படியா இருக்கு? கீச்சு கீச்சுனு..." என்று அந்த மெசேஜை டெலீட் செய்துவிட்டு, வாழ்த்தை எழுத்தில் டைப் செய்து அனுப்புகிறார். பக்கத்தில் இருக்கும் மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. "உன் குரல் எப்பவும் இப்படித்தானேம்மா இருக்கு?"

இந்த உரையாடல் நடக்காத வீடு இருக்காது. கல்யாண வீடியோவில், பள்ளி ஆண்டு விழா ரெக்கார்டிங்கில், ஆன்லைன் மீட்டிங்கில் என எங்கேயாவது ஓரிடத்தில் நம் குரலை வெளியிலிருந்து கேட்டுக் கூசிப்போயிருப்போம். வாழ்நாளில் நாம் மிக அதிகமாகக் கேட்ட குரல் நம்முடையதுதான். ஆனாலும் அதைத்தான் நமக்கு அடையாளம் தெரியவில்லை.

இதற்குக் காரணம் போன் மைக்கின் தரம் அல்ல. நம் குரலை நாம் கேட்கும் பாதையும் வேறு, அதை மூளை கையாளும் முறையும் வேறு. அந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டால் வாட்ஸ்அப் கூச்சம் மட்டும் தீர்வதில்லை. சிலருக்கு ஏன் பேச்சு திக்குகிறது, காது கேட்காத குழந்தைக்கு ஏன் பேச்சு வருவதில்லை, சிலர் ஏன் யாருமில்லாத அறையில் குரல் கேட்பதாகச் சொல்கிறார்கள் என்ற கேள்விகளுக்கும் அதில் விடையின் ஒரு பகுதி இருக்கிறது.

காதுக்கு வரும் இரண்டு பாதைகள்

மற்றவர்கள் பேசும்போது அவர்கள் குரல் காற்றின் வழியே வந்து செவிப்பறையைத் தட்டுகிறது. அங்கிருந்து நடுக்காதின் மூன்று குட்டி எலும்புகள் அந்த அதிர்வை, நத்தைக்கூடு போல் சுருண்டிருக்கும் காக்ளியா என்ற உள்காதுப் பகுதிக்குக் கடத்துகின்றன. காக்ளியா அதை மின்சமிக்ஞையாக மாற்றி மூளைக்கு அனுப்புகிறது.

நாமே பேசும்போது இன்னொரு பாதையும் திறக்கிறது. தொண்டையில் குரல்நாண்கள் அதிரும்போது அந்த அதிர்வு கழுத்து, தாடை, மண்டையோட்டு எலும்புகள் வழியாகவும் நேராகக் காக்ளியாவைச் சென்று சேர்கிறது. எலும்பு வழியே வரும் ஒலியில் கனமான, தாழ்ந்த அதிர்வெண்கள் தூக்கலாக இருக்கும். ஆக, நாம் கேட்கும் நம் குரல் ஒரு கலவை. காற்று வழிக் குரல் பாதி என்றால், எலும்பு வழி 'பேஸ்' மீதி.

போன் மைக்குக்கு இந்த இரண்டாவது பாதை கிடையாது. வாயிலிருந்து காற்றில் வரும் ஒலியை மட்டுமே அது பிடிக்கிறது. அதனால்தான் ரெக்கார்டிங்கில் நம் குரல் மெலிந்து, கொஞ்சம் உச்சத்தில் ஒலிக்கிறது. நம்மைச் சுற்றி இருப்பவர்கள் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பது இந்தக் குரலைத்தான். அத்தையின் மகள் சொன்னதும் சரி, அத்தை அதிர்ந்ததும் சரி.

சொந்தக் குரலில் எலும்பு வழி ஒலியின் பங்கை ஆராய்ந்து 1949-ல் கட்டுரை எழுதியவர், ஹங்கேரியில் பிறந்த கியோர்க் வான் பெகேஷி. தொலைபேசி ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது காதின் மீது ஆர்வம் கொண்டவர். காக்ளியாவுக்குள் ஒலி அலை எப்படிப் பயணிக்கிறது என்று கண்டறிந்ததற்காக 1961-ல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்.

எலும்பு வழி ஒலியை நீங்களே இப்போது சோதிக்கலாம். இரண்டு காதுகளையும் விரலால் நன்றாக அடைத்துக்கொண்டு 'அம்மா' என்று சொல்லிப் பாருங்கள். வெளிச்சத்தம் குறையும். ஆனால் உங்கள் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் இன்னும் கனமாகக் கேட்கும். உங்கள் மண்டைக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் அந்த இரண்டாவது பாதையின் ஒலி அது.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆராய்ச்சியாளர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் இதற்கு வலு சேர்க்கிறது. ஒருவரின் குரலையும் வேறொருவரின் குரலையும் பல விகிதங்களில் கலந்து, 'இதில் உங்கள் குரல் போல் இருப்பது எது?' என்று கேட்டார்கள். சாதாரண ஸ்பீக்கர் வழியாகக் கேட்டபோது இருந்த தடுமாற்றம், எலும்பு வழியே ஒலியைக் கடத்தும் ஹெட்போனில் கேட்டபோது குறைந்தது. எலும்பு வழியே வந்தால்தான் மூளைக்கு அது 'நம்ம வீட்டுக் குரல்'.

பேசுவதற்கு முன்பே தயாராகும் காது

பாதை வேறு என்பது பாதிக் கதைதான். மீதி, மூளைக்குள் நடக்கிறது.

நடுக்காதின் மூன்று எலும்புகளில் கடைசியான அங்கவடி எலும்பு, நம் உடலிலேயே மிகச் சிறிய எலும்பு. அதைப் பிடித்திருக்கும் ஸ்டபீடியஸ் தசை, எலும்போடு இணைந்த தசைகளில் மிகச் சிறியது. நாம் வாய் திறந்து சத்தம் வெளிவருவதற்குச் சற்று முன்பே இந்தக் குட்டித் தசை சுருங்கத் தொடங்கிவிடுகிறது. சத்தம் வந்த பிறகு அல்ல, வரப்போகிறது என்ற தகவல் கிடைத்ததுமே! நம் குரல் நம் காதையே அடைத்துவிடாமல் இருக்க இது ஒரு முன்னேற்பாடு.

அந்தத் தகவலைக் கொடுப்பது யார்? மூளையேதான். 'பேசு' என்று நாக்குக்கும் உதட்டுக்கும் தொண்டைக்கும் கட்டளை போகும்போதே, அந்தக் கட்டளையின் நகல் ஒன்று ஒலியை உணரும் மூளைப் பகுதிக்கும் போகிறது என்பது விஞ்ஞானிகளின் விளக்கம். 'இதோ, இன்ன சத்தம் வரப்போகிறது. அது நம்முடையதுதான், பதறாதே' என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் கடிதம் போல.

அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜான் ஹவுட், ஸ்ரீகாந்தன் நாகராஜன் உள்ளிட்டோர் இதை அளந்து பார்த்தார்கள். மூளையில் எழும் நுண்ணிய காந்தப்புலத்தை அளக்கும் கருவியில் ஒருவரை உட்கார வைத்துப் பேசச் சொன்னார்கள். பிறகு அதே பேச்சை ரெக்கார்டிங்கில் போட்டுக் கேட்க வைத்தார்கள். ரெக்கார்டிங்கைக் கேட்டபோது ஒலிப் பகுதி நன்றாக விழித்துக்கொண்டது. அவரே பேசியபோது அந்தத் துள்ளல் வெகுவாக அடங்கியிருந்தது. இன்னொரு வேடிக்கை: பேசும் குரலோடு இரைச்சலைக் கலந்து காதுக்குத் திருப்பி அனுப்பியதும், அடங்கியிருந்த பகுதி மறுபடி விழித்தது. 'நான் எதிர்பார்த்தது இது இல்லையே!' என்று மூளை நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. இந்த ஆய்வு 2002-ல் வெளியானது.

நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டினால் சிரிப்பு வருவதில்லையே, அதே தத்துவம்தான் இது. விரல் எங்கே படப்போகிறது என்று மூளைக்கு முன்பே தெரியும். அதனால் அந்தத் தொடுதலின் சுவையைக் குறைத்துவிடுகிறது. அடுத்தவர் விரல் பட்டால் துள்ளுகிறோம்.

மனிதர்களுக்கு மட்டும் உரிய ஏற்பாடும் அல்ல இது. மார்மொசெட் என்ற சின்னக் குரங்கு குரல் கொடுக்கும்போது அதன் மூளையில் ஒலியை உணரும் நரம்பணுக்களில் பெரும்பாலானவை அடங்கிப்போகின்றன. குரல் வெளிவருவதற்கு முன்பே அந்த அடக்கம் தொடங்கிவிடுகிறது என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். இரவில் காதைத் துளைக்கும் சிள்வண்டுக்கும் இது உண்டு. அதன் சத்தம் அதன் உடலருகே 100 டெசிபெல்லை எட்டும். அந்தச் சத்தத்தில் அதன் காது மரத்துப்போனால் எதிரி வரும் அரவம் கேட்காதே! சிறகை உரசும் ஒவ்வொரு முறையும், அதே கணத்தில் காது நரம்பைத் தணித்துவைக்க ஒரே ஒரு தனி நரம்பணு வேலை செய்கிறது என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஜேம்ஸ் பூலே, பெர்தோல்ட் ஹெட்விக் இருவரும் 2006-ல் காட்டினார்கள்.

ரெக்கார்டிங் நமக்கு ஏன் அந்நியமாகப் படுகிறது என்பது இப்போது இன்னும் தெளிவாகும். அங்கே எலும்பின் கனமும் இல்லை, மூளையின் முன்னறிவிப்பும் இல்லை. முதல்முறையாக நம் குரலை ஒரு வெளியாளின் குரல்போல், எந்தத் தணிப்பும் இல்லாமல் கேட்கிறோம்.

பிசகினால் உடனே திருத்தம்

தணித்துவைப்பதால் மூளை கவனிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. எதிர்பார்த்தபடி வந்தால் அமைதி, வராவிட்டால் உடனே திருத்தம் என்பதுதான் விதி.

ஒருவரை 'ஆ...' என்று ஒரே சுருதியில் இழுக்கச் சொல்லி, அவர் குரலைக் கருவி மூலம் சற்று ஏற்றி அவர் காதுக்கே ஹெட்போனில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பத்தில் ஒரு பங்கு விநாடியைச் சற்றுத் தாண்டுவதற்குள் அவர் குரல் தானாகவே கீழே இறங்குகிறது. குரலைக் குறைத்தால் ஏறுகிறது. பலருக்குத் தாங்கள் மாற்றிக்கொண்டதே தெரிவதில்லை. ஜான் ஹவுட், மைக்கேல் ஜோர்டன் இருவரும் 1998-ல் இதைவிட ஒரு படி மேலே போனார்கள். பங்கேற்பவர் ஓர் உயிரெழுத்தை முணுமுணுப்பார்; காதில் அது வேறோர் உயிரெழுத்தாக மாற்றிக் கேட்கவைக்கப்படும். கொஞ்சம் கொஞ்சமாக அவர் வாயசைவே மாறி, காதில் சரியாகக் கேட்கும் விதமாகப் பேச ஆரம்பித்துவிட்டார். இரைச்சலைப் போட்டு அவர் காதை மறைத்த பிறகும் அந்தப் புதுப் பழக்கம் சிறிது நேரம் நீடித்தது. நாம் பேசப் பேச, மூளை கற்றுக்கொண்டே இருக்கிறது.

இதே திருத்தம்தான் பேருந்து நிலையத்தில் நம்மைக் கத்த வைக்கிறது. சுற்றிலும் இரைச்சல் கூடினால் யாரும் சொல்லாமலே குரல் உயர்கிறது. 1911-ல் பிரெஞ்சு காது மூக்கு தொண்டை மருத்துவர் எத்தியேன் லொம்பார் இதைப் பதிவு செய்தார். அதைவைத்து ஒரு தந்திரத்தையும் கண்டுபிடித்தார். 'எனக்கு ஒரு காது கேட்காது' என்று பொய் சொல்பவரைப் படிக்கச் சொல்லி, நல்ல காதில் இரைச்சலைப் போடுவார். இன்னொரு காது உண்மையிலேயே கேட்காதென்றால் அவர் குரல் உயரும். கேட்கும் காது என்றால் குரல் உயராது. குட்டு வெளிப்பட்டுவிடும்!

பழைய லேண்ட்லைன் போன்களில் பேசுபவரின் குரலில் கொஞ்சத்தை அவர் காதுக்கே திருப்பி அனுப்பும் ஏற்பாடு இருந்தது. பேசுவது தனக்கே கொஞ்சம் கேட்டால்தான் குரல் அளவோடு இருக்கும் என்பதால் அது தேவைப்பட்டது. காதை முழுக்க அடைக்கும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேசும் பிள்ளை வீடே அதிரக் கத்துவதற்கும், காது மந்தமான தாத்தா போனில் ஊருக்கே கேட்கப் பேசுவதற்கும் காரணம் ஒன்றுதான். அவர்கள் குரல் அவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. ரெக்கார்டிங் தியேட்டரில் பாடகர்கள் ஹெட்போனின் ஒரு பக்கத்தைச் சற்று விலக்கி வைத்துக்கொண்டு பாடுவதும் தங்கள் குரலைத் தாங்களே கேட்டுக்கொள்ளத்தான்.

ஐந்தில் ஒரு பங்கு விநாடி

போனில் பேசும்போது நம் குரலே எதிரொலியாகத் திரும்பி வந்தால் என்ன ஆகும்? வார்த்தை குழறும், வாக்கியம் நடுவில் நின்றுபோகும், கடைசியில் "அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுவோம்.

அமெரிக்கரான பெர்னார்ட் லீ 1950-ல் இதைச் சோதனையாகவே செய்து காட்டினார். ஒருவரின் பேச்சை டேப்பில் பதிந்து, சற்றுத் தாமதமாக அவர் காதில் ஒலிக்கவிட்டார். சரளமாகப் பேசுபவர்கள்கூடத் திக்கினார்கள், ஒரே அசையைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தாமதம் சுமார் 200 மில்லி விநாடி, அதாவது ஐந்தில் ஒரு பங்கு விநாடி இருக்கும்போது தடுமாற்றம் உச்சத்துக்குப் போகிறது. ஓர் அசையைச் சொல்லி முடிக்க ஆகும் நேரமும் ஏறத்தாழ அதுதான். அடுத்த அசைக்கு வாய் போகும்போது முந்தைய அசை காதில் விழுந்தால், மூளை போட்ட கணக்கு கலைந்துவிடுகிறது.

ஜப்பானின் கசுதகா குரிஹாரா, கோஜி சுகாடா இருவரும் இதைவைத்து ஒரு 'துப்பாக்கி'யே செய்தார்கள். பேசுபவரை நோக்கி அதைப் பிடித்தால், அவர் பேச்சையே சற்றுத் தாமதமாக அவர் மீது திருப்பி வீசும். மேடையில் மைக்கை விடாமல் பேசுபவர் வாயை மூடவைக்கும் இந்தக் கருவிக்கு 2012-ல், சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கும் இக்நோபல் பரிசு கிடைத்தது.

திக்கும் பேச்சுக்கு உதவும் இன்னொரு குரல்

இதில் ஆச்சர்யம் என்னவென்றால், சரளமாகப் பேசுபவரைத் திக்கவைக்கும் அதே தாமதம், திக்கிப் பேசும் சிலரைச் சரளமாகப் பேசவைக்கிறது. அவர்களுக்காகக் காதில் மாட்டும் கருவிகளும் வந்திருக்கின்றன. எல்லோருக்கும் பலன் தருவதில்லை, பலன் தந்தவர்களிலும் சிலருக்கு நாளடைவில் குறைந்துவிடுகிறது.

2010-ல் வெளியாகி, சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வென்ற 'தி கிங்ஸ் ஸ்பீச்' பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். திக்கிப் பேசும் இளவரசரின் காதில் உரக்க இசையைப் போட்டுவிட்டுப் படிக்கச் சொல்வார் பயிற்சியாளர். தன் குரல் தனக்கே கேட்காத அந்த நேரத்தில் தடையில்லாமல் படித்திருப்பார் இளவரசர். சொந்தக் குரலை மறைத்தால் திக்குதல் குறைவது பலரிடம் பார்க்கப்பட்ட உண்மை. கூட்டத்தோடு சேர்ந்து படிக்கும்போதும் பாடும்போதும் திக்குவது பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. வகுப்பில் தனியாக எழுந்து பதில் சொல்லத் தவிக்கும் குழந்தை, காலை வழிபாட்டில் எல்லோருடனும் சேர்ந்து தடையில்லாமல் பாடுவதைப் பல ஆசிரியர்கள் பார்த்திருப்பார்கள்.

திக்குவதற்குப் பரம்பரை உட்பட காரணங்கள் பல. பேச்சுக் கட்டளையும் காதில் விழும் குரலும் மூளையில் ஒன்றோடொன்று இசைவதில் இருக்கும் சிக்கலும் அவற்றில் ஒன்றாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சின்ன வயதில் சுமார் 20 குழந்தைகளில் ஒருவர் திக்கிப் பேசுகிறார். அவர்களில் பெரும்பாலானோருக்கு அது தானாகச் சரியாகிவிடும். தொடர்ந்தால் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்ப்பது நல்லது. நாக்கின் அடியில் அறுப்பது, கூழாங்கல்லை வாயில் போடுவது, "மெதுவாப் பேசு, பயப்படாதே" என்று எல்லோர் முன்னும் அதட்டுவது இவையெல்லாம் தீர்வல்ல. குழந்தை சோம்பேறியும் இல்லை, கோழையும் இல்லை.

'ஊமை' என்ற தவறான பெயர்

பிறந்ததிலிருந்து காது கேட்காத குழந்தையை 'ஊமை' என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது. உண்மையில் அந்தக் குழந்தையின் குரல்நாண், நாக்கு, உதடு எல்லாம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இல்லாமல் போனது காதிலிருந்து மூளைக்கு வரும் பதில்.

சாதாரணமாகக் கேட்கும் குழந்தை 6 முதல் 10 மாதங்களுக்குள் 'பாபாபா', 'மாமாமா' என்று மழலைச் சங்கிலி போடத் தொடங்கும். 'உதட்டை இப்படி மூடித் திறந்தால் இந்தச் சத்தம் வருகிறது' என்று மூளை பாடம் படிப்பது அப்போதுதான். தன் சத்தமே தனக்குக் கேட்காத குழந்தைக்கு இந்த மழலை தாமதமாகிறது, குறைகிறது. பேச்சு வளர்வதும் தடைபடுகிறது.

பெரியவரான பிறகு காது கேட்காமல் போனவர்களின் நிலை வேறு. அவர்கள் மூளையில் பழைய பாடம் பத்திரமாக இருக்கிறது. அதனால் பல ஆண்டுகள் கழித்தும் அவர்கள் பேச்சு புரியும். சத்தத்தின் அளவும் சுருதியும் மட்டும் முதலில் நிலை தடுமாறும். காக்ளியர் இம்ப்ளாண்ட் பொருத்திய பிறகு அதுவும் படிப்படியாகச் சீராவதைக் காணலாம்.

எனவே குழந்தைகள் விஷயத்தில் காலம்தான் எல்லாம். பிறந்த 1 மாதத்துக்குள் கேட்கும் திறன் சோதனை, 3 மாதத்துக்குள் குறையை உறுதிசெய்வது, 6 மாதத்துக்குள் சிகிச்சையோ பயிற்சியோ தொடங்குவது என்பது உலக அளவில் மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. சோதனையில் வலி கிடையாது, தூங்கும் குழந்தைக்கே செய்துவிடலாம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. "எங்க வீட்டுல எல்லாருமே லேட்டாத்தான் பேசுனாங்க" என்ற ஆறுதலில் ஒரு வருடம் கழிந்தால், திரும்பக் கிடைக்காத வருடம் அது.

சொந்தக் குரல் அந்நியமாகும்போது

வாய்விட்டுப் பேசும்போது மட்டுமல்ல, மனதுக்குள் பேசிக்கொள்ளும்போதும் மூளை இந்த முன்னறிவிப்பை அனுப்புகிறது. ஆஸ்திரேலியாவில் தாமஸ் விட்ஃபோர்ட் குழுவினர் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் மனதுக்குள் ஓர் அசையைச் சொல்லும் அதே கணத்தில் அதே அசையைக் காதில் ஒலிக்கவிட்டார்கள். வாயே திறக்காதபோதும், அந்த ஒலிக்கான மூளையின் துள்ளல் தணிந்தது. 'இது என்னுடையது' என்ற முத்திரை மன ஓட்டத்துக்கும் குத்தப்படுகிறது.

அந்த முத்திரை விழாமல் போனால்? மனதில் ஓடும் பேச்சு, வெளியிலிருந்து வேறு யாரோ பேசுவதுபோல் தோன்றலாம் அல்லவா? மனச்சிதைவு எனப்படும் ஸ்கிசோஃப்ரினியா நோயில் காதில் குரல் கேட்பதற்கு விஞ்ஞானிகள் முன்வைக்கும் விளக்கங்களில் இது முக்கியமானது. அமெரிக்க ஆய்வாளர்கள் ஜூடித் ஃபோர்ட், டேனியல் மாத்தலன் இருவரும் மூளையின் மின் அலைகளை அளந்தபோது, மற்றவர்கள் பேசும்போது தெரியும் அந்தத் தணிப்பு மனச்சிதைவு உள்ளவர்களிடம் குறைவாக இருந்தது. நோயின் முழுக் காரணம் இது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் 'யாரோ பேசுறாங்க' என்று அவர் சொல்வது நடிப்பும் அல்ல, பேயும் அல்ல. அவர் மூளையில் அது உண்மையான குரலாகவே கேட்கிறது.

உலகில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வேப்பிலை அடிப்பதிலும் கோயில் கோயிலாக அலைவதிலும் நாள் கடத்துவதற்குப் பதிலாக, சீக்கிரம் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே அவருக்குக் குடும்பம் செய்யும் பெரிய உதவி. மருந்தும் ஆலோசனையும் பலருக்குக் குரல்களைக் கட்டுப்படுத்துகின்றன. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' அமைப்பு இந்த நோயாளிகளுக்காகவே இயங்குகிறது. மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல ஆலோசனை எண் 14416. எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

காதிலேயே கோளாறு இருந்து சொந்தக் குரல் தொல்லையாகும் அபூர்வ நிலையும் உண்டு. உள்காதின் அரைவட்டக் குழாய் ஒன்றை மூடியிருக்கும் எலும்பில் ஓட்டை இருந்தால், எலும்பு வழி ஒலி அளவுக்கு மீறிக் கேட்கும். சொந்தக் குரல் மண்டைக்குள் முழங்கும், நடக்கும் அடி ஒவ்வொன்றும் அதிரும், சிலருக்குக் கண்விழி அசையும் சத்தம்கூடக் கேட்கும்! 'கண் உருளுற சத்தம் கேக்குது' என்றால் யார் நம்புவார்கள்? 1998-ல் அமெரிக்க மருத்துவர் லாயிட் மைனர் இந்தக் குறையை விளக்கி எழுதினார். இன்று சி.டி. ஸ்கேனில் இதைக் கண்டுபிடித்து, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையில் சரிசெய்கிறார்கள்.

உங்கள் குரல் மோசமில்லை

மீண்டும் அத்தையின் வாய்ஸ் மெசேஜுக்கு வருவோம். தன் குரலைக் கேட்டு முகம் சுளிப்பதில் எலும்பும் முன்னறிவிப்பும் தவிர இன்னொன்றும் இருக்கிறது. பிலிப் ஹோல்ஸ்மன், கிளைட் ரௌஸி என்ற உளவியலாளர்கள் 1966-ல் இதற்குக் 'குரலை எதிர்கொள்ளுதல்' என்று பெயர் வைத்தார்கள். பேசும்போது நம் கவனம் சொல்ல வந்த விஷயத்தில் இருக்கும். ரெக்கார்டிங்கில் கேட்கும்போதுதான் குரலில் ஒளிந்திருந்த பதற்றம், களைப்பு, தயக்கம் எல்லாம் முதன்முறையாக நம் காதிலேயே விழுகின்றன. நாம் மறைத்துவிட்டதாக நினைத்ததை மற்றவர்கள் எப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள் என்பது புரியும்போது கூச்சம் வருகிறது.

ஆனால், அந்தக் கூச்சம் சொல்லும் தீர்ப்பை நம்ப வேண்டியதில்லை. 2013-ல் சூசன் ஹியூஸ், மரிசா ஹாரிசன் என்ற ஆய்வாளர்கள் பலருடைய குரல் பதிவுகளைப் போட்டுக்காட்டி, எது எவ்வளவு இனிமையாக இருக்கிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். பங்கேற்றவர்களுக்குத் தெரியாமல் அவரவர் குரலையும் நடுவில் கலந்துவைத்திருந்தார்கள். முடிவு? மற்றவர்கள் கொடுத்ததைவிட, தன் குரலுக்குத் தானே அதிக மதிப்பெண் கொடுத்திருந்தார்கள். 'இது நான்' என்று தெரியாதபோது அந்தக் குரல் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

மேடையில் பேச வேண்டியவர்கள், இன்டர்வியூவுக்குத் தயாராகும் பிள்ளைகள், யூடியூப் சேனல் தொடங்க நினைக்கும் இல்லத்தரசிகள் இதைப் பயிற்சியாகவே செய்யலாம். தினமும் இரண்டு நிமிடம் எதையாவது போனில் பதிந்து கேளுங்கள். முதல் சில நாட்கள் கூசும். பிறகு காது பழகிவிடும், குறை சொல்வது நின்று எங்கே வேகமாகப் பேசுகிறோம், எங்கே விழுங்குகிறோம் என்பது தெரிய ஆரம்பிக்கும். போன் இல்லாமலும் ஒரு வழி உண்டு. வீட்டில் கிடக்கும் பழைய வார இதழ்கள் இரண்டை எடுத்து, இரண்டு காதுகளுக்கும் முன்னால், கன்னத்தை ஒட்டிச் சுவர்போல் நிறுத்திப் பிடித்துக்கொண்டு பேசுங்கள். வாயிலிருந்து நேராகக் காதுக்கு வரும் ஒலி தடைபட்டு, அறைச் சுவரில் பட்டுத் திரும்பும் குரல் தூக்கலாகக் கேட்கும். மற்றவர்கள் கேட்கும் உங்கள் குரல் ஓரளவு அதுபோல்தான் இருக்கும்.

அத்தை டெலீட் செய்த அந்த வாழ்த்து வளைகாப்புப் பெண்ணுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால், அவள் அதில் கீச்சுக் குரலைத் தேடியிருக்க மாட்டாள். சின்ன வயதில் கதை சொல்லித் தூங்கவைத்த அதே குரலைத்தான் கேட்டிருப்பாள். அடுத்த முறை வாய்ஸ் மெசேஜ் பேசினால், தட்டிக் கேட்காமல் அப்படியே அனுப்பிவிடுங்கள்.